சிலோன் ஓணானும் வேலி ஓணானும்

1935, வைகாசி 14
நல்ல வெயில். காப்பிப் பொடி தீர்ந்தது. முழங்கால் வலி பரவாயில்லை.
பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துச் சின்னக்காளை வந்தான், என்னிடம் படித்தவன். அவன் மச்சான் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து பிஸ்கெட் டப்பாவில் ஐந்து ஓணான் கொண்டுவந்திருக்கிறார். கிளை கழிக்கும் கவாத்து முடிந்து கொடி துளிர்க்கும் நேரம், வண்டு மொட்டைக் குடைகிறது. ஓணானை விட்டால் வண்டு ஒழியுமாம்.
"அங்கன ஒரு பூச்சி தங்காதாம்ல. விடலாமாய்யா?"
ஒரு வாரம் பொறு என்றேன். டப்பா என்னிடம்.

வைகாசி 16
நிறத்தை நம்பி ஏமாந்தேன். காலையில் பச்சை. 'வேறு இனம்' என்று எழுதினேன். வெயிலில் வைத்ததும் நம் வேலி ஓணானைப் போலவே பழுப்பு. எழுதியதை அடித்துவிட்டேன்.
பிறகு செதில் எண்ணினேன். சிலோனுக்குச் செதில் சற்றுப் பெரிது, வரிசை மூன்று நான்கு குறைவு, பிடரி முள் நீளம். மற்றதெல்லாம் ஒன்று. எழுத்து ஒன்று, கையெழுத்து வேறு என்பதுபோல.
அப்படியானால் கலக்குமே. நம் ஊர்க் கருங்கண்ணிப் பருத்தியில் வேறு விதை கலந்தது. நாலு போகத்துக்குப் பின் யாரால் பிரிக்க முடிந்தது? நம் ஓணான் இந்த வெயிலுக்கும் ஆனிச் சாரலுக்கும் பழகியது. அது எப்போதும் ஈரமான மலையில் பிறந்தது. கலந்து பிறக்கும் குஞ்சு எதைத் தாங்கும்?

வைகாசி 20
சோதித்தேன். வேலியில் ஒரு பெண் ஓணானைப் பிடித்துக் கூண்டில் சிலோன் ஆணோடு விட்டேன். ஆணுக்குத் தொண்டை சிவந்தது. அரை மணியில் சேர்ந்துவிட்டன.
சின்னக்காளை மனைவி பேச்சியம்மா பார்த்துச் சிரித்தாள். "ஊரு பேரு கேக்காம சம்மதிச்சுட்டாளே! எனக்கு எங்கய்யா எட்டு ஊருல விசாரிச்சாக."
"விசாரிச்சு என்னத்தக் கண்டாக?" இது சின்னக்காளை.
"அதத்தான் நானும் கேக்குறேன்."
கலக்கும், ஆகவே விடக் கூடாது என்றேன். சின்னக்காளைக்கு முகம் வாடியது. சிலோன் ஐந்தும் மச்சானோடு திரும்பும்.
பெண் ஓணான் சோர்ந்து கிடந்தது. பாவம். வேலியில் கொண்டுபோய் விட்டேன்.

வைகாசி 21
பல் தேய்க்கும்போது உறைத்தது. நேற்று விட்டவள் வயிற்றில் சிலோன்.
ஓணான் பிடிக்கும் ஈர்க்குச் சுருக்கோடு மத்தியானம்வரை வேலியில் அலைந்தேன். நான்கு பெண் அகப்பட்டன. எது அவள்? அடையாளம் ஒன்றும் வைக்கவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை முதுகைப் பார்த்தே பெயர் சொன்னவன்!
சின்னக்காளை வீட்டுக்குப் போய் ஒப்புக்கொண்டேன். பேச்சியம்மாதான், "வேணாம்னவுகளே கட்டிக்குடுத்து அனுப்பிட்டாகளே!"

ஆனி 13
இரண்டு நாளாகச் சாரல். மண் இளகியது. தபால் இல்லை.
பேச்சியம்மா கூப்பிட்டு அனுப்பினாள். வேலியோரம் மூன்று ஓணான் முட்டைக் குழி, தோண்டித் திறந்து வைத்திருந்தாள். ஒன்பது, பதினொன்று, பதினொன்று. எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு.
மண்வெட்டியை ஓங்கியபடி, "எத நசுக்கணும், சொல்லுங்கய்யா."
உட்கார்ந்து பார்த்தேன். எது கலப்பு, எது நம்முடையது, தெரியவில்லை.
மூன்றையும் மூடச் சொன்னேன்.