காக்காவுக்குச் சொன்ன சலாம்

இன்று காலை வேலைக்குப் போகும்போது கோலாலம்பூர் ஏரிப் பூங்காவில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அருங்காட்சியகத்தின் பின்வழியாக இறங்கும்போதே அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியது. உனக்கு ஆகாத வாசம். கால்கள் தாமாகவே தண்ணீர்ப் பக்கம் ஒதுங்கின. நீ உடன் இல்லை என்பது சற்று நடந்த பிறகுதான் உறைத்தது.

புல் வெட்டும் வங்காளதேசத்து அண்ணனைப் பல மாதங்களுக்குப் பிறகு பார்த்தேன். நம் இருவருக்காக முன்பு செய்ததுபோலவே இயந்திரத்தை நிறுத்தினார். முகத்துணியை இறக்கிவிட்டு, "காக்கா மானா?" என்றார். அக்கா எங்கே என்று கேட்கிறார்.

அக்காவுக்கான மலாய்ச் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கி அவர் முதன்முதலில் உன்னை அப்படிக் கூப்பிட்ட நாளில் நீ நடுவழியில் நின்றுவிட்டாய். "ஏன்டி, நான் பேசுனா காக்கா கத்துற மாதிரியா இருக்கு?" அதன் பிறகு தினமும் கிள்ளானில் ரயில் ஏறியதும் "கா" என்று ஒற்றை எழுத்தில் செய்தி அனுப்புவாய். ஷா ஆலமில் நிற்கும் நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன்.

நுரையீரல் நோய் என்று தெரிந்த பிறகும் நடையை விட மறுத்தாய். கிராப் கார் எடுக்கலாம் என்றால், "அந்தக் கொஞ்ச தூரம் மரத்தடியில நடக்கத்தான் லா நான் வேலைக்கே வரேன்" என்பாய். உனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் நான் குனிந்து காலணியைக் கழற்றி உதறுவேன். கண்டுபிடித்துவிட்டாய். "எத்தனை கல்லுடி ஒன் ஷூவுல? கே.எல். கல்லெல்லாம் உனக்குத்தானா?" சிரிப்பு இருமலாக மாறியது. முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். உன் நோயைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்திருந்தேன். படித்தது எதுவும் அந்தக் கைக்கு வேறொன்றும் சொல்லித்தரவில்லை.

கடைசியாக வந்த அன்று தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாய். "நீ போ, லேட்டாயிரும். நான் பெலான் பெலான் வரேன்." மெல்ல மெல்ல வருகிறாயாம். நான் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஏரியில் ஓர் உடும்பு நீந்திப் போனதை இருவரும் பார்த்தோம். அந்த வாரமே மருத்துவமனையில் சேர்த்தார்கள். நீ வீடு திரும்பவில்லை.

இறப்பைச் சொல்லும் மலாய்ச் சொல் எனக்குத் தெரியும். உன் இறுதிச் சடங்கிற்கு விடுப்புக் கேட்டபோது அலுவலகத்தில் தடுமாறாமல் சொன்னேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டு உன்னை விசாரிக்கும் மனிதரிடம் அது வாயில் வரவில்லை. "பாலேக் கம்போங்" என்றேன். ஊருக்குப் போயிருக்கிறாள்.

போர்ட் கிள்ளான் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்த உனக்கு ஏது ஊர்? அவருக்கு அது தெரியாது. ஊருக்குப் போவதைவிட நல்ல சேதி அவருக்கு வேறு இல்லை போலும். முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. திருத்திச் சொல்ல வாயெடுத்தேன்; அந்த முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. "கிரிம் சலாம் சாமா காக்கா" என்றார். காக்காவிடம் தன் சலாமைச் சொல்லிவிட வேண்டுமாம்.

சரியென்று தலையாட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கே கொண்டுபோய்க் கொடுப்பதென்று தெரியவில்லை.