கவிழ்த்து வைத்த கோப்பை

மாப்ளே,

இன்று காலை பட்டறையில் புது அச்சுக்குப் பிளாஸ்டர் கரைத்தேன். அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதுமே நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். செத்தும் மேஸ்திரி வேலையை விடவில்லை, பார். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நீ இரண்டாம் வகுப்பு. ஆகவே குறை சொல்ல உனக்குத் தகுதியில்லை.

ஜங்ஷனுக்குப் பின்னால், ரயில்வே துரைமார் இருந்த பழைய பங்களா ஞாபகம் இருக்கிறதா? நாம் செய்த பீங்கான் பியூஸ் கட்டைகளை எடுத்துக்கொண்டு போயிருந்தோம். எலக்ட்ரீஷியன் சுவரிலிருந்த மரப்பலகையைக் கழற்றியதும், பின்னாலிருந்து ணங்கென்று ஒன்று விழுந்தது. எட்டணா அளவில் ஒரு பித்தளை பேட்ஜ். நீல எனாமலில் ஒரு கோப்பை, தலைகீழாக. சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து.

"எந்தத் தொரை வுட்டுட்டுப் போனானோ, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் வாட்ச்மேன்.

நீ அதை வெளிச்சத்தில் பிடித்துத் தொண்டையைச் செருமினாய்.

"மச்சான், கப்பை நாம எப்படிக் காய வைப்போம்?"

"கவுத்து வச்சுதான்."

"அப்ப இது பீங்கான் வேலைக்காரன் சங்கத்து பேட்ஜுடா! வெள்ளைக்காரன்லயும் நம்மாளு இருந்திருக்கான்!"

விளிம்பு கோணாமலிருக்க, சுடாத பச்சைக் கோப்பையைத் தினமும் கவிழ்த்து அடுக்குகிற நமக்கு வேறென்ன தோன்றும்? அன்றிலிருந்து பேட்ஜ் உன் சட்டையில் ஏறியது. எனக்குப் பொறாமை. பிளாஸ்டரில் அதை அழுத்தி அச்செடுத்து, களிமண் அப்பி, நானும் ஒன்று சுட்டுக்கொண்டேன். சூளையிலிருந்து வந்தபோது உன்னுடையதைவிடச் சிறுத்துப் போயிருந்தது. "அப்ப நீ உதவித் தலைவர்" என்று சொல்லிவிட்டாய்.

சாராயக் கடைகளைத் திறந்துவிட்டிருந்த சமயம். சாயங்காலமானால் அங்கேதான் நம் சங்கக் கூட்டம். உறுப்பினர் இரண்டே பேர். நீ பேட்ஜைத் துடைத்துவிட்டுத்தான் தம்ளரைத் தூக்குவாய்.

வீட்டில் உன் பெண்சாதி, என் தங்கச்சி, படும் பாடு எனக்குத் தெரியும். நீ தள்ளாடி வருவதைக் கண்டதும் உன் மகள் புத்தகத்தை மூடிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். எல்லாவற்றுக்கும் உன்னைக் கிண்டல் செய்த நான், அதற்கு மட்டும் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் ஒருநாள் அந்த நர்ஸம்மா பட்டறைக்குப் பீங்கான் பொம்மை வாங்க வந்தார், மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கச்சி உனக்குச் சோற்றுத்தூக்கு கொண்டுவந்திருந்த நேரம். நர்ஸம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் சட்டையைப் படித்தார். பிறகு உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நல்ல மனுஷன்யா நீங்க. எத்தனை வருஷமா குடியத் தொடாம இருக்கீங்க?"

நீ குனிந்து பேட்ஜைப் பார்த்தாய்.

"குடிக்கவே மாட்டோம்னு சத்தியம் பண்ணினவங்க சங்கத்து பேட்ஜு இது. இந்தக் கப்பு இனிமே நிமிராதுன்னு அர்த்தம். எழுத்துலயும் அப்படித்தான் இருக்குது. அந்தக் காலத்துல ரயில்வே தொரைங்க சில பேரு குத்தியிருப்பாங்க."

நான் களிமண் குவியலில் விழுந்து சிரித்தேன். நீ அவசரமாக ஊசியைக் கழற்றப் போனாய். தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டாதீங்க. கும்புட்டது கும்புட்டதா இருக்கட்டும். இன்னொரு தடவ குடிச்சுட்டு வந்தீங்கன்னா, புள்ளய இட்டுக்கிட்டு எங்கம்மா வூட்டுக்குத் திட்டக்குடி பஸ்ஸு ஏறிடுவேன்." உடனே என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்களுந்தான்."

"என்னுது மண்ணும்மா, அதுக்கு இதெல்லாம் செல்லாது" என்று நான் நழுவிவிட்டேன்.

நீ நழுவவில்லை. முதல் வாரம் பேட்ஜைப் பிடித்துக்கொண்டே வேலை பார்த்தாய். கடைக்குப் போகிற வழியில் நான் உன் வாசலில் நின்று, "தலைவரே, கூட்டத்துக்கு வரலியா?" என்று கத்துவேன். உள்ளேயிருந்து ஒரே பதில்தான் வரும்: "கப்பு காயுதுடா."

இரண்டாம் மாதம், உன் மகள் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து சத்தமாகப் பாடம் படித்ததைப் பார்த்தேன். ஒரு சொல்லும் புரியாமல் நீ தலையாட்டிக்கொண்டிருந்தாய். அன்றைக்குக் கத்தாமல் போய்விட்டேன்.

போன ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. பித்தளை பேட்ஜைத் தங்கச்சி உன்னோடேயே அனுப்பிவைத்தாள். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, பாடை தூக்கி வந்தவர்கள் வழக்கப்படி கடைக்குக் கூப்பிட்டார்கள். நானும் நாலடி நடந்தேன். சட்டைப் பையில் என் பீங்கான் பேட்ஜ் உறுத்தியது.

"கப்பு காயுது" என்றேன். துக்கத்தில் உளறுகிறேன் என்று விட்டுவிட்டார்கள்.

நாலு மாதமாகிறது. பெரிதாக எதிர்பார்த்துவிடாதே. சூளைக்குள் போன மண் சுருங்கத்தான் செய்யும், என் வைராக்கியமும் உன்னுடையதைவிட ஒரு சுற்றுச் சின்னதுதான். நாளைக்கு எப்படியோ தெரியாது.

இன்றைக்குக் காய்கிறது, தலைவரே.