ரயிலடி ஹோட்டலில் ஒற்றை அறை

மச்சாள்,

இன்று காலை கிணற்றடியில் ஒரு சின்னச் சவர்க்காரத்தின் கடதாசியைப் பிரித்தேன். எங்கள் உவர்த் தண்ணீரில் அது நுரைக்கவில்லை. வாசம் மட்டும் எழும்பியது. கொழும்பு ரயிலடிக்கு எதிரே நிற்கிற அந்த வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டலின் வாசம். ஓம், போனேன். தனியத்தான் போனேன். இதை உமக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

நீர் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த வேலணை வீட்டில் உம்முடைய தமையனை, என்னுடைய மனுசனை, சுடலைக்கு வழியனுப்பிவிட்டு நாமிருவரும் சண்டை பிடித்துக்கொண்டே எத்தனை காலம் இருந்தோம். நீர் போனதும் கனடாவிலிருந்து என் மகன், உம்முடைய அருமை மருமகன், தீர்ப்புச் சொல்லிவிட்டான். அம்மாவால் இனித் தனிய இருக்க ஏலாதாம். கண்ணைக் காட்டக் கொழும்புக்குப் போய், அப்படியே வெள்ளவத்தையில் சம்பந்தி வீட்டில் தங்கிவிட வேணுமாம். வீட்டை வாடகைக்குக் கொடுக்கவும் ஆள் பார்த்துவிட்டான். பெற்ற பிள்ளைதான், பாசத்தில்தான் செய்கிறான். அதற்காக என்னை ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?

கொழும்புக் கோட்டை ரயிலடியில் இறங்கியதும் சம்பந்தியின் காருக்கு நிற்கச் சொல்லியிருந்தான். நான் நின்றுதான் பார்த்தேன். எதிரே அந்தக் கட்டடம் தெரிந்தது.

யுத்தம் முடிந்து யாழ்ப்பாண ரயில் திரும்பவும் ஓடத் தொடங்கிய காலத்தில் உம்முடைய பென்சன் அலுவலாகக் கொழும்புக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? திரும்புகிற ரயிலுக்கு நேரமிருந்தது. நீர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனீர். தேநீருக்குச் சொல்லிவிட்டு, மேசையில் இருந்த தண்ணீர்ச் சாடியைத் தூக்கி எங்கள் போத்தலை நிரப்பினீர். பரிமாறுகிறவர் பார்த்த பார்வையில் நான் கூனிக் குறுகிப் போனேன். நீரோ, இன்னொரு சாடி கொண்டுவரச் சொன்னீர். தண்ணீர்ப் பவுசர் வண்டி வரும்வரை வாளியோடு காத்திருக்கிற ஊர்க்காரிக்கு நல்ல தண்ணீரைக் கண்டால் விடத் தெரியாது.

பிறகு அறை பார்க்க வேணும் என்றீர். வரவேற்பு மேசையில் இருந்தவர் தமிழில்தான் கேட்டார்.

"ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?"

"நாங்கள் ரெண்டு பேர் வந்து நிக்கிறம். இன்னும் ஆர் வரவேணும்?"

அறை இல்லையென்று சொல்லிவிட்டார். வெளியே வரும்போது மரப்படியைக் காட்டி, ஒருநாளைக்கு இதில் ஏறி மேலே படுப்பேன் என்றீர். படுக்காமலே போய்விட்டீர். எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை, மச்சாள்.

ஆகவே காருக்கு நிற்காமல் வீதியைக் கடந்தேன். இந்த முறை மேசையில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். தனியாகவா என்று கேட்டாள். ஓம் என்றேன். அறைத் திறப்பைத் தந்தாள், அவ்வளவுதான். நீர் காட்டிய அந்த மரப்படியில்தான் ஏறினேன். லிப்டில் ஏறவில்லை.

சிரிக்காமல் கேளும். குளிக்கும்போது அங்கேயிருந்த பெரிய தொட்டியின் வாயை அடைத்துவிட்டேன். வீட்டில் போல, குளித்த தண்ணீரைச் சேர்த்து வாழைக்கு ஊற்றலாம் என்ற எண்ணம். தலை துவட்டும்போதுதான் யோசித்தேன், மேல் மாடியில் எங்கே வாழை? அத்தனை தண்ணீரையும் ஓடவிட மனம் வராமல் தொட்டி விளிம்பில் இருந்து சிரித்தேன். நீர் போன பிறகு சத்தம் போட்டுச் சிரித்தது அன்றுதான். பிறகு அழுதும் விட்டேன்.

மகனின் அழைப்பு வந்தது. சம்பந்தி வீட்டார் ஸ்டேசன் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். அவன் குரல் உடைந்திருந்தது.

"எங்க அம்மா நிக்கிறியள்?"

ஹோட்டலின் பெயரைச் சொன்னேன்.

"உங்களுக்கு என்ன விசரே? தனிய இருக்கப் பயமில்லையா?"

"பயமாத்தான் இருக்கு, தம்பி. பயந்தாலும் நான் என்ர வீட்டில இருந்து பயப்பிடுறன்."

சம்பந்தி அம்மாவிடம் நானே பேசி மன்னிப்புக் கேட்டேன், அவ பாவம். மறுநாள் கண்ணைக் காட்டினேன். அதற்கடுத்த காலை யாழ்ப்பாண ரயிலில் ஏறினேன். அங்கிருந்து ஊருக்கு வருகிற பஸ் மண்டைதீவைத் தாண்டிக் கடலுக்கு நடுவே போட்ட வீதியில் போகும்போது யன்னலோரம் இருந்த எனக்கு ஒருத்தரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லை என்று பட்டது. வந்த கையோடு, வாடகைக்கு வரவிருந்த குடும்பத்துக்கு வீடு இல்லையென்று நேரே போய்ச் சொல்லிவிட்டேன்.

மகன் இன்னும் முகம் கொடுக்காமல்தான் பேசுகிறான். பேசட்டும். வழியில் கண்ட ஊர்ச்சனமும், இந்த வயதில் ஹோட்டலில் என்ன வேலை என்று கேட்கிறது. படுத்து எழும்பினேன் என்று சொல்கிறேன்.

நீர் போனதும் இந்த வீட்டில் எதிர்த்துப் பேச ஆளில்லாமல் போயிற்று என்று நினைத்திருந்தேன். நான் இருக்கிறேன், மச்சாள்.