குடும்ப போட்டோவை யார் எடுக்கறது

ஞாயிறு, ராத்திரி.

அண்ணன் குடும்பத்தோட ஆவடியில படம் பார்த்தோம். அனாதை ஆசிரமத்துப் பிள்ளைங்க நாலு பேருக்குப் பறக்கற சக்தி வருது, அவங்களை எடுத்து வளர்க்கறவளுக்குத்தான் பயம். வயிறு வலிக்கச் சிரிச்சோம். கடைசியில அண்ணி அழுதாங்க.

வெளிய வந்ததும் அதே அண்ணி, நான் தத்தெடுத்த ஸ்டெல்லா கையில போனைக் குடுத்து, "நீ எடும்மா, இது குடும்ப போட்டோ"ன்னாங்க. அவ வாங்கிக்கினா.

நான் அதை வாங்கி அண்ணிகிட்டயே குடுத்தேன். "நீங்க எடுங்க அண்ணி. நானும் என் பொண்ணும் நிக்கிறோம்."

"இன்னா இது, எல்லார் முன்னாடியும்"னு அண்ணன் முறைச்சான். நான் நகரல. அண்ணி எடுத்தாங்க.

"இனிமே நம்மளக் கூப்புடுவாங்களா?"ன்னு ஸ்டெல்லா பஸ்ல கேட்டா. "கூப்புட்டா ரெண்டு பேரையும் கூப்புடணும்"னேன்.