மூன்று முறை பிரித்த கட்டம்

உக்குவளை
21.01.2024

அன்புள்ள அத்தைக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் பிறகு. போனில் பேசினால் பாதி உங்களுக்குக் கேட்பதில்லை. மீதியை நீங்கள் வேறு மாதிரி விளங்கிக்கொள்கிறீர்கள். நமக்குக் கடிதம்தான் சரி.

பொதியில் நான்கு துணிக் கட்டங்கள் இருக்கின்றன. மூன்று புதியவை. மற்றது நீங்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பிய நடுக்கட்டம். பரிசம் போட்டபோது நீங்கள் கொண்டுவந்த சேலையின் ரவிக்கைத் துணி மிச்சத்தில் தைத்தது. முழுவதும் பிரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மறுபடியும் தைத்திருக்கிறேன். இந்த முறையும் கோணல் என்றால், கோணல் என் கையில் இல்லை, உங்கள் கண்ணாடியில்தான்.

நான் கனடாவுக்குக் கொண்டுபோகும் போர்வைக்கு வேண்டிய இருபத்தைந்து கட்டங்களில் இருபத்து நான்கு முடிந்துவிட்டன. நீங்கள்தான் இன்னும் இரண்டைக்கூட ஒன்றாக இணைக்கவில்லை. பொதியை வாங்கும்போது கலேவெல பஸ் கண்டக்டர் இந்திரகுமார் அண்ணன், “டீச்சர், நீங்க தைச்சு முடிக்கிறதுக்குள்ள கனடாவுல பனியே கரைஞ்சிரும் போல” என்கிறார்.

உங்கள் மகன் பொங்கலுக்கும் பேசவில்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறேன். விசா பற்றி உங்களிடம் ஏதாவது சொன்னாரா? பரிசம் போட்டு மூன்று வருஷமாகிறது. பக்கத்து வீட்டு பாப்பம்மாக்கா என்னை வாசலில் கண்டாலே, “இன்னுமா?” என்று கேட்கிறார். போர்வை முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மருமகளாக வரப்போகும்,
நிரோஜா


கலேவெல
04.02.2024

அன்பு மகள் நிரோஜாவுக்கு,

முழங்கால் அப்படியேதான். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கத்தரிக்காயைப் பரப்பிவிட்டு சீமெந்துத் தரையில் உட்கார்ந்தால், எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். அதை விடு.

நடுக்கட்டத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. வலது ஓரம் நூலளவு இழுக்கிறது. பதினொரு வருஷம் கார்மென்ட்டில் செக்கிங் பார்த்தவள் நான். எங்கே தையல் தவறினாலும் கண் அங்கேதான் போய் நிற்கும். பிரித்துத் தைத்து அனுப்பு. அவசரமே இல்லை மகள், மெதுவாகத் தை.

அவன் என்னோடும் அதிகம் பேசுவதில்லை.

எள்ளுருண்டை வைத்திருக்கிறேன். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடாமல் நீயும் சாப்பிடு.

உன் அத்தை,
புஷ்பவதி


உக்குவளை
27.02.2024

அத்தைக்கு,

நேற்று முன்பள்ளியில் ஹமீமா டீச்சர் தன் போனில் ஒரு படம் காட்டினார். டொரொன்டோவில் இருக்கும் அவருடைய அண்ணன் போய் வந்த ஒரு கல்யாணத்தில் எடுத்தது. “டீச்சர், மாப்பிள ஒங்கட யோகேந்திரன் மாதிரியே ஈக்கிறாரே, அவருக்குத் தம்பி யாரும் ஈக்கிறாங்களா?” என்று கேட்டார். தம்பி இல்லை. மாலையோடு நிற்பது அவர்தான். பக்கத்தில் ஒரு பெண், அவள் கழுத்திலும் மாலை. படத்தின் கீழே ஒக்டோபர் 21 என்று போட்டிருக்கிறது.

எனக்கு அழுகை வரும் என்று ஹமீமா டீச்சர் என் பக்கத்திலேயே நின்றார். வரவில்லை. பிள்ளைகளுக்கு வரவு போட்டேன். இரண்டு பேருக்குச் சப்பாத்து நாடா கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து பருப்பு வைத்தேன், உப்புக்கூடச் சரியாக இருந்தது. அம்மாதான் அழுகிறார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித்தான் இதை எழுதிப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

முந்தாநாள்தான் நடுக்கட்டத்தை மூன்றாம் முறையாகப் பிரித்து முடித்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். நடுக்கட்டம் முதல் முறை திரும்பி வந்தது நவம்பர் ஆறாம் தேதி. அதற்கு முன் நீங்கள் எதையுமே திருப்பி அனுப்பியதில்லை. உங்களுக்கு எப்போது தெரியும்?

நிரோஜா


கலேவெல
05.03.2024

மகள் நிரோஜாவுக்கு,

ஒக்டோபர் கடைசியில் அவனே பேசினான். எனக்குப் போனில் பாதிதான் கேட்கும் என்பாய். அன்றைக்கு முழுவதும் கேட்டது. “அம்மா, இங்க ஒரு பிள்ளையக் கட்டிட்டேன். நிரோஜாகிட்ட நீங்கதான் சொல்லணும்” என்றான். பெற்ற வயிறு, திட்டினேன், பிறகு சரி என்றேன்.

உனக்கு எழுத உட்கார்ந்தேன். “அன்பு மகள்” வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. அந்த வாரம்தான் நடுக்கட்டம் வந்து சேர்ந்தது. போர்வை முடிந்தால் சொல்லித்தான் ஆகவேண்டும். முடியாதவரை நீ என்னை அத்தை என்று எழுதுவாய். எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். திருப்பி அனுப்பிவிட்டேன். பிறகு அதுவே வழியாகிவிட்டது.

உன் தையல் கோணல் இல்லை மகள். மூன்று முறையும் இல்லை. கார்மென்ட்டில் இருந்த பதினொரு வருஷத்தில் நல்ல தையலை ஒருநாளும் நான் ரிஜெக்ட் செய்ததில்லை. உன்னுடையதைத்தான் செய்தேன்.

என்னிடம் இருந்த கட்டங்கள், பஞ்சு, அடித்துணி எல்லாம் அனுப்புகிறேன். எரித்தாலும் சரி, தரை துடைத்தாலும் சரி. எனக்குப் பெண்பிள்ளை இல்லை. பொதி வந்தால் துணியைப் பார்ப்பதற்கு முன் உன் கடிதத்தின் முதல் வரியைத்தான் பார்ப்பேன். இனிமேலும் எழுதுவாயானால் அந்தச் சொல்லை மட்டும் மாற்றாதே. இதைக் கேட்க எனக்கு முகமில்லை. இருந்தும் கேட்கிறேன்.

புஷ்பவதி


உக்குவளை
19.05.2024

புஷ்பவதி அம்மாவுக்கு,

உங்கள் பொதி இரண்டு மாதம் கட்டிலுக்கடியில் கிடந்தது. சித்திரை லீவு முடிந்து முன்பள்ளியைத் திறந்தபோது பாய்களையெல்லாம் கறையான் தின்றிருந்தது. பிள்ளைகள் வெறும் சீமெந்தில் உட்கார்ந்தார்கள். நான்காம் நாள் பொதியை வெளியே இழுத்தேன். பதினாறு அங்குலக் கட்டம், ஒரு பிள்ளை உட்கார அளவெடுத்தது போல இருந்தது. பஞ்சை வெட்டி உள்ளே வைத்து, அடித்துணி கொடுத்து, நான்கு பக்கமும் ஓரப்பட்டி பிடித்தேன். ஹமீமா டீச்சர் மெஷின் தந்தார். சிவப்புக் கட்டத்துக்கு இரண்டு பேர் தினமும் சண்டை. கனடா போகவேண்டிய போர்வையில் இப்போது பிஸ்கட் தூள்.

தைக்கும்போதாவது அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. கடைசியில் கொஞ்சம் கோபம் வந்தது, அதுவும் உங்கள் மகன்மேல் இல்லை. மூன்று வருஷத்தில் அவர் என்னோடு பேசியதைவிட நீங்கள் எழுதியதுதான் அதிகம். அவர் போனது போகட்டும். நான் என் கையைச் சந்தேகப்பட்டேனே. பிள்ளைகளின் கொப்பியில் கோடு போடும்போதுகூட நேராக வருகிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். அந்த நான்கு மாதத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

நீங்கள் கேட்ட சொல்லை எழுதிப் பார்த்தேன். இரண்டு தாள் கிழித்தாயிற்று. கை எழுத மாட்டேன் என்கிறது.

பிள்ளைகள் இருபத்து மூன்று பேர். கட்டங்கள் இருபத்து நான்கு. மிஞ்சிய நடுக்கட்டத்தை இந்திரகுமார் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். மற்றவற்றுக்கு ஒரு மடிப்புப் பஞ்சு வைத்தேன், இதற்கு மூன்று. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் போட்டு உட்காருங்கள். மூன்று முறை பிரித்ததால் ஓரத்தில் பழைய ஊசித் துளைகள் தெரியும். பட்டியை அகலமாக வைத்து மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

நேராகத்தான் இருக்கிறது, நானே ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இதைத் திருப்பி அனுப்பவேண்டாம்.

நிரோஜா