பகலில் ஆளில்லாத மூன்றாம் வீடு

என் அருமை அப்பாவுக்கு,

பகலில் நீங்கள் தூங்குவீர்கள் என்று கிசுகிசுத்தே பேசி வளர்ந்தவள் நான். அந்தக் குரலிலேயே இதை எழுதுகிறேன்.

கரண்ட் குறைவாகச் செலவாகும்படி நம் லைன் வீடுகளை மில்காரர்கள் புதுப்பிக்கப் போவதும், அதற்கான கரண்ட் கணக்கைப் போடும் வேலை என் ஆபீசுக்கே வந்ததும் உங்களுக்கு எவ்வளவு பெருமை! லேப்டாப்பில் காட்டினேன். ஒட்டி நிற்கும் எட்டு வீடுகள், ஜன்னல்கள், சிமெண்ட் அட்டைக் கூரை, எந்த மணிக்கு எவ்வளவு கரண்ட் ஓடும் என்பது வரை.

"இதுல நம்மூடு எது சாமி?" என்று கேட்டீர்கள்.

மூன்றாவதைத் தொட்டேன். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை 'ஆள் இல்லை' என்றிருந்தது. ஆபீசில் எல்லா வீட்டுக்கும் போடுகிற வழக்கமான நேரம்.

"ஆளில்லியா? அப்ப நைட் ஷிப்ட் முடிச்சு வந்து இங்க கொறட்டை உடறது யாரு, மில்லு மொதலாளியா?" என்று சிரித்தீர்கள். "உங்க சார்கிட்டச் சொல்லிப்போடு."

மீட்டிங்கில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆளில்லாத வீட்டில் பகல் வெயிலுக்குக் கூரையடியில் சூடு தடுக்கும் பலகை வீண் என்றது என் கணக்கு. விளக்கையும் ஃபேனையும் மட்டும் மாற்றினார்கள்.

"சொன்னியா சாமி?"

"சொல்லிட்டேன்ப்பா. பலகை அப்பறம் வருமாம்."

சித்திரை முழுக்க அந்தப் பலகைக்குக் காத்திருந்தீர்கள். "புது ஃபேனு சத்தமே இல்லீங்க, அனலத்தான் அள்ளிக் கொட்டுது" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் நீங்கள் சொன்னது என் காதிலும் விழுந்தது. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

ஒரு மதியம் அந்த அக்காதான் ஆபீசுக்குப் போன் செய்தார். எழுப்பியும் நீங்கள் எழவில்லையாம்; உங்கள் நெஞ்சில் போட்டிருந்த ஈரத்துண்டு மொடமொடவென்று காய்ந்திருந்ததாம். வெயில் சூடுதான் என்றார் டாக்டர்.

காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். லைன் வீடுகளின் மீட்டர் காட்டியது என் கணக்கைவிடக் கூடுதலாக இருந்தது. ஆளில்லாத நேரத்தில் ஃபேன் எப்படி ஓடும் என்று சார் கேட்டார்.

"ஆளிருக்காங்க சார். நைட் ஷிப்ட்டுக்காரங்க. எங்கப்பா பகல்லதான் தூங்குவாருங்க."

சார் லேப்டாப்பில் அந்த 'ஆள் இல்லை'யை அழித்தார். பிறகு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். திட்டக்கூட இல்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது அப்பா.

நேற்று எட்டு வீட்டுக்கும் பலகை அடித்து முடித்தார்கள். நல்ல மத்தியானத்தில் உங்கள் பாயில் படுத்துப் பார்த்தேன். தூங்க முடிகிற சூடுதான். என் பொய்யை நம்பிக்கொண்டேதான் போனீர்களா?

அடுத்து மோகனூர்ப் பக்கம் ஒரு வரிசை வீடுகள். ஒவ்வொரு கதவையும் தட்டி, "எப்பங்க தூங்குவீங்க?" என்று கேட்காமல் எந்த வீட்டிலும் ஆளில்லை என்று எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வீட்டில் இன்னும் மெதுவாகவே கதவைச் சாத்தும்
உங்கள் மகள்