கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்த விவரம்

ரிங்லெட்,
11.10.1987

அன்பு மகள் சீதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், அம்மா சுகம், அம்மாவின் முழங்கால் பனிக்குத் தகுந்தபடி சுகம். சிங்கப்பூர்ச் சூட்டில் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் முக்கியமான செய்தி. இந்த மாதம் முதல் தேதி காலை பத்தேகால் மணிக்கு, எஸ்டேட் ஆபீஸில், கணக்கெழுதும் பெரிய கிராணி என்ற முறையில் நான் தலைமை தாங்க, ஃபேக்டரி ஃபிட்டர் ஆண்டியப்பனும் ஆபீஸ் கூட்டும் வேலாயியும் உடனிருக்க, நீண்ட விவாதத்துக்குப் பின் ஒரு முடிவு எடுக்கப்பட்டது: கம்ப்யூட்டர் ஆயுதம்தான், புத்தகம் அல்ல. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதே. புத்தகமென்றால் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அன்று முழுதும் தொடாமல் இருக்கலாம். ஆயுதமென்றால் கழற்றித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும், தேயிலை ரோலருக்கும் ட்ரையருக்கும் லோரிக்கும் கவாத்துக் கத்திக்கும் வருடா வருடம் நடக்கிற மரியாதை அது, போன வருடம் வந்த பெட்டிக்கு மட்டும் ஏன் இல்லை? வேலாயிதான் "அது பாட்டுக்கு இருக்கட்டும்யா, அதுக்கு நம்ம சாமி ஒத்துக்குமோ என்னமோ" என்றாள். அவள் கருத்து நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை.

மூன்றாம் தேதி போனில் நீ "யாருப்பா அதத் தொறந்தது?" என்று கேட்டாய். லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். திறந்தவன் ஆண்டியப்பன், திறக்கச் சொன்னவன் நான். உள்ளே ஒரு வருடத்துத் தேயிலைத் தூள் படிந்திருந்தது, சலித்தால் நாலு பேருக்கு டீ போடலாம். பச்சை அட்டைகள் ஐந்து வரிசையாகச் செருகியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பெயின்ட் பிரஷால் துடைத்தோம். ஒவ்வொரு அட்டைக்கும் அடி ஓரத்தில் தங்க நிறத்தில் ஒரு பல் வரிசை. மற்றதெல்லாம் பச்சையும் கறுப்புமாக இருக்க அது மட்டும் பளபளத்ததால் அதுதான் நெற்றி என்று தீர்மானித்து, அட்டைக்கு மூன்று வீதம், என் கையாலேயே பொட்டு வைத்தேன். பிறகு கற்பூரம், தேங்காய், சுண்டல், எல்லாம் குறைவில்லாமல் நடந்தது.

மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டேன். உள்ளே காற்றாடி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் அமாவாசையாகக் கிடந்தது. நீளமாக ஒரு கூவல், குட்டையாக இரண்டு, அதோடு மௌனம். நான் காலண்டரில் திங்கட்கிழமைக்கு எத்தனை நாள் என்று எண்ணினேன். ஏனென்று உனக்குத் தெரியும். டிசம்பரோடு எனக்கு ஐம்பத்தைந்து முடிந்து ஓய்வு, இரண்டு வருட நீட்டிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன், வேலை போனால் இந்த கோட்டர்ஸ் வீடும் போகும், அம்மா இப்போதுதான் சௌசௌப் பந்தல் போட்டிருக்கிறாள். கோலாலம்பூர் ஹெட் ஆபீஸுக்குப் போயிருந்த எஸ்டேட் துரை திங்கட்கிழமை வந்து பதில் சொல்வதாக ஏற்பாடு. கம்ப்யூட்டர் இருக்கும்போது பெரிய கிராணி எதற்கு என்று யோசிப்பதாகவும் புறப்படும்போது சொல்லிவிட்டுத்தான் போனார். ஆக, பெட்டி ஓடினால் நான் எதற்கு என்பார், ஓடாவிட்டால் பொறாமையில் நானே கொன்றேன் என்பார். என் பதவிக்கு வந்தவனுக்கு நானே வைத்தியம் பார்க்க வேண்டிய நிலை.

வைத்தியத்துக்கு ஆளா இல்லை? நான் பிளக்கைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன், பியூஸைப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்கு. ஆண்டியப்பன், "ட்ரையர் நின்னா சைட்ல ஒரு தட்டு தட்டுவேன் ஐயா, ஓடிரும், தட்டட்டா?" என்றான். தட்டினான். தட்டுவதற்கு முன்னும் பின்னும் அழுகையில் மாற்றமில்லை. வேலாயி "நான் அப்பவே சொன்னேன்ல" என்பதை ஏழெட்டு விதமாகச் சொல்லிவிட்டு, கண்பட்டிருக்கும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். எங்கள் மூன்று பேருக்கும் தும்மல் வந்தது, அதற்கு வரவில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா, "லோரிக்கு டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வச்சீங்களே, அதுக்கு வச்சீங்களா?" என்று கேட்டாள். அதற்குச் சக்கரம் இல்லை என்றேன். "அப்ப எப்படி ஓடும்?" என்றாள்.

சனிக்கிழமை காலை மூசா கடைக்குப் போனேன் உனக்குப் போன் போட. ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்து, "என்னா கிராணி, வீட்ல யாருக்கும் ஒடம்பு சரியில்லயா?" என்றார். கம்ப்யூட்டருக்கு என்றேன். "அட, அந்த டாக்டருக்குத்தானே ஒம்ம புள்ள படிச்சிருக்கு, கூப்பிடுலா" என்று போனைத் தள்ளினார். நீ பதறாமல் கேட்டாய், கூவலை எண்ணச் சொன்னாய், எண்ணிக்கையைக் கேட்டதும், அது திரைக்குப் போகிற அட்டை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அட்டையை எடுத்து அதன் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்து அழுத்திச் செருகுங்கள், இனிமேல் ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள் என்றாய். மூன்று நிமிடத்தில் இவ்வளவு சொன்ன டாக்டரை நான் பார்த்ததில்லை.

அட்டையை எடுத்துப் பார்த்தால் என் சந்தனம் சுவருக்குப் பூசிய சிமெண்டு போல இறுகிப் போயிருந்தது. ரப்பர் என் மேசை டிராயரில்தான் இருந்தது. உனக்கு அந்த மேசை நினைவிருக்கும், ட்ரையர் அறைச் சுவரை ஒட்டி, மழை மாதத்திலும் காகிதம் நமுக்காத இடத்தில், சின்ன வயதில் நீ அதற்கடியில் தூங்குவாய். இருபத்தாறு வருடமாக அங்கே உட்கார்ந்து ஆள்கூலி எழுதும் செக்ரோலில் என் தப்புகளை ரப்பரால் அழித்து வருகிறேன், இதையும் அழித்தேன். ஐந்து அட்டைக்கும் தேய்த்து, ஆண்டியப்பன் கட்டைவிரலால் அழுத்தி உட்காரவைத்து, சுவிட்சைப் போட்டால் ஒரே ஒரு சின்னக் கூவல், திரை முழுக்கப் பச்சை எழுத்து. வேலாயி கையெடுத்துக் கும்பிட்டு, "மொளகா இப்பத்தான்யா வேல செய்யுது" என்றாள்.

திங்கட்கிழமை துரை வந்தார், பெட்டியைப் போட்டார், மூக்கை உறிஞ்சி, ஏன் கோயில் வாசனை வருகிறது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். நெற்றி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். யார் பழுது பார்த்தது என்றதற்கு நான்தான் என்றேன், மகள் சொல்லிக் கொடுத்தாள் என்பதையும் மறைக்கவில்லை. திடீரென்று பேசத் தொடங்கிய ட்ரையரைப் பார்ப்பது போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஈரம் ஆகாது என்று மகள் சொல்கிறாள் என்றேன். இந்த ஆபீஸில் ஈரம் ஏறாத இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே இடத்தைச் சொன்னேன்.

வியாழக்கிழமை கடிதம் கொடுத்தார். இரண்டு வருடம் நீட்டிப்பு. வீடு இருக்கிறது, பந்தல் இருக்கிறது. அம்மா அன்றே முறுக்குக்கு மாவு அரைக்கக் கிளம்பிவிட்டாள். அந்தப் பெட்டிக்கு ஒரு தேங்காய் உடைக்கச் சொல்கிறாள். வெளியில் வைத்து உடைப்பதாக ஒப்புக்கொண்டேன்.

தீபாவளிக்குக் கட்டாயம் வா. அடிவாரம் தாப்பாவில் இறங்கினதும் கடைசி பஸ்ஸை நம்பாதே, மதியத்துக்குள் மேலே ஏறிவிடு, வளைவில் வாந்தி வரும், வெறும் வயிற்றோடு வராதே. போன தடவை போல ஸ்வெட்டரை அங்கே வைத்துவிட்டு வந்து அம்மாவுடையதைப் பிடுங்காதே. வரும்போது நல்ல பென்சில் ரப்பர் பத்து வாங்கி வா, மறந்துவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நாங்கள் இருவரும் அதைத்தான் தினமும் கேட்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
சாம்பசிவம்

பி.கு.: ஆபீஸுக்குப் போன் போட்டால் உடனே வைத்துவிடாதே, மணி கொஞ்ச நேரம் அடிக்கட்டும். என் மேசை இப்போது உரக் கொட்டகையில் இருக்கிறது.